எம்டன் நாளில் கூட்டம் போட்டு 49,650 ரூபாய் விட்ட கதை

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் திருவல்லிக்கேணியில் ஒரு ஹால் வாசல்படியில், கையில் ஏசிக்கான கூடுதல் பில்லோடு உட்கார்ந்திருந்தேன். மீந்துபோன சாப்பாட்டை ஆட்டோ ஸ்டாண்டிலும் வாட்ச்மேன் குடும்பத்துக்கும் கொடுத்து முடித்திருந்தோம். எங்கள் வரலாற்று வட்டத்தில் இருந்த மற்றவர்கள் ‘சூப்பரா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி ஒரு முழு நாள் வரலாற்றுக் கூட்டத்தை நடத்தப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள் அவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வரலாற்று வட்டத்தில் மொத்தம் 14 பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடிப் பேசுவோம். பழைய தெருப்பெயர், பழைய டிராம் பாதை, இப்படி. ஜூன் மாதக் கூட்டத்தில் நான்தான் வாயை விட்டேன். ‘செப்டம்பர் 22, முதல் உலகப்போரில் எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட வந்த நாள், இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையாக வேறு வருது, போர்க்கால மெட்ராஸைப் பற்றி முழு நாள் உரைகள் வைக்கலாமே’ என்றேன். வாட்ஸ்அப் குழுவில் பதினோரு கட்டைவிரல்கள் வந்தன. ‘கண்டிப்பா செய்யலாம்’ என்றார்கள். ‘செய்யலாம்’ என்றால் ‘நீ செய், நாங்கள் வருகிறோம்’ என்று அர்த்தம். அது எனக்கு ஆகஸ்ட் நடுவில்தான் புரிந்தது. அதற்குள் ஹால் அட்வான்ஸ் என் பெயரில், கேட்டரிங் என் பெயரில், பேச்சாளர்களுக்கு அனுப்பிய அழைப்பும் என் பெயரில். முதல் நாளே யார் ஹால், யார் சாப்பாடு, யார் பேச்சாளர் என்று பெயர் போட்டுப் பிரித்து, ‘சரி’ என்று ஒவ்வொருவரையும் எழுத வைத்திருக்க வேண்டும். கட்டைவிரலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஹால் விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் பெரும்பாலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் ஹால் சுலபமாகக் கிடைத்தது, வாடகை 22,000. குறைவுதான் என்று சந்தோஷப்பட்டேன். ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஏசி ஆறு மணி நேரம் மட்டும் என்று இருந்தது. நாங்கள் எட்டரைக்குத் திறந்து ஐந்தரைக்கு மூடினோம். கூடுதல் மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 1,200 வீதம் அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அதோடு புரொஜெக்டர் ‘இருக்கு’ என்று சொன்னது உண்மை, அது வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் வெளியிலிருந்து 2,500-க்கு எடுத்தோம். ஹாலைப் பார்க்கப் போகும்போது உங்கள் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தேதி பார்க்கும்போது பஞ்சாங்கம் பார்த்தேன், பள்ளிப் பரீட்சை பார்த்தேன், மழை வருமா என்றுகூடப் பார்த்தேன். கிரிக்கெட் அட்டவணையைப் பார்க்கவில்லை. அந்த வாரம் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் டெஸ்ட், 22-ஆம் தேதி நான்காவது நாள். எங்கள் ஹாலிலிருந்து மைதானம் நடந்து போகிற தூரம். வண்டியில் வந்தவர்கள் நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள், இரண்டு பேர் போன் செய்து ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று திரும்பியே போய்விட்டார்கள். முதல் உரையில் எம்டன் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து ‘ஓ’ என்று ஒரு சத்தம். பின் வரிசையில் பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்தார்கள். அஸ்வின் அந்த இன்னிங்ஸில் மொத்தம் ஆறு விக்கெட் எடுத்தார், சாப்பாட்டு வேளைக்கு முன்பே இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. நானும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

ஆள் கணக்கு இன்னொரு அடி. நுழைவு இலவசம் என்று போட்டிருந்தோம். 137 பேர் பதிவு செய்தார்கள். நான் புத்திசாலித்தனமாகக் கொஞ்சம் குறைத்து 120 சாப்பாடு சொன்னேன், ஒன்று 150 ரூபாய். வந்தவர்கள் 64. காலையில் தொடக்கத்தில் இருந்தவர்கள் 41. இலவசப் பதிவில் பாதிப் பேர் வந்தால் அதுவே அதிகம் என்று அப்புறம் ஒரு நண்பர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா? நூறு ரூபாயாவது வாங்குங்கள். பணத்துக்காக இல்லை, நூறு ரூபாய் கொடுத்தவர் காலையில் எழுந்திருப்பார்.

பேச்சாளர்கள் ஐந்து பேர் என்று திட்டம். எம்டன், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மெட்ராஸ் காலியான கதை, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துப் போய்ப் போட்ட மரண ரயில் பாதை, இந்திய தேசிய ராணுவத்தில் தமிழ்ப் பெண்கள். யாரும் பணம் கேட்கவில்லை. ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்மா’ என்றுதான் ஐந்து பேரும் சொன்னார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவருக்கு ரயில் டிக்கெட், இரண்டு நாள் ரூம், ஆட்டோ எல்லாம் சேர்ந்து 8,700 ஆனது. அவர் மேல் தப்பில்லை, நான்தான் எதையும் எழுதிப் பேசவில்லை. ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதில் பயணமும் தங்குமிடமும் அடங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாமவர் வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். நிஜமான காய்ச்சல்தான், குரலைக் கேட்டேன். மாற்று ஆள் யோசித்து வைத்திருக்கவில்லை.

எம்டன் உரை நன்றாகத்தான் ஆரம்பித்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் கேப்டன் கார்ல் வான் முல்லரின் கப்பல் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்ததையும், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்ததையும், சுமார் 130 குண்டுகள் சுடப்பட்டதையும் அவர் சொன்ன விதத்தில் ஹாலே அமைதியாக இருந்தது. உயர் நீதிமன்றச் சுவரில் இன்றைக்கும் இருக்கிற கல்வெட்டுப் பலகையின் படத்தைக் காட்டினார். நம் வீட்டில் பாட்டிகள் ‘அவன் சரியான எம்டன்’ என்பது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ‘அந்தக் கப்பலில் நம் செண்பகராமன் பிள்ளை இருந்தார்’ என்று ஒரு வரி சொன்னார். உடனே மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ‘ஆதாரம் என்ன சார்?’ என்றார். ஆதாரம் இல்லை. செண்பகராமன் 1914-ல் சூரிச்சிலும் பெர்லினிலும் இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்தவர், கப்பலில் இருந்தார் என்பது நாம் ஆசையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. பேச்சாளர் விட்டுக்கொடுக்கவில்லை, எழுந்தவரும் உட்காரவில்லை. ‘தியாகியை அவமானப்படுத்துகிறீர்கள்’ என்ற அளவுக்குப் போனது. நான் மேடைக்கு ஓரமாக மணியை வைத்துக்கொண்டு நின்றேன், அடிக்கத் தைரியம் வரவில்லை. 25 நிமிடம் போனது.

ஒவ்வொரு பேச்சாளரிடமும் பத்து நாள் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ‘நீங்கள் சொல்லப் போவதில் யாராவது எழுந்து சண்டை போடக்கூடிய விஷயம் எது, அதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?’ அவ்வளவுதான். போர் விஷயத்தில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வீரக்கதை இருக்கும், அது மேடையேறினால் வரலாறாகிவிடும். கதை என்று சொல்லியே கதையைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே தப்பை நானும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவர் ஓரமாக வைக்க 11 ஃபிளெக்ஸ் பேனர்கள் அடித்தேன், 9,900 ரூபாய். அதில் ஒன்றில் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் போகிற படம், ‘1942 – மெட்ராஸை விட்டு வெளியேறும் மக்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பத்து மணிக்கு ஒரு கல்லூரி மாணவி மெதுவாக என் பக்கத்தில் வந்து, ‘அக்கா, அந்த ரிக்‌ஷாவுக்குப் பின்னால கடைப் பலகையைப் பாருங்க’ என்றாள். வட்டம் வட்டமான எழுத்து. பர்மிய எழுத்து. நான் மெட்ராஸ் என்று மாட்டி வைத்திருந்தது ரங்கூன் தெரு. இன்னும் இரண்டு படங்கள் எந்த ஊர் என்றே சொல்ல முடியவில்லை. மூன்று பேனர்களையும் சுருட்டி மேடைக்குப் பின்னால் வைத்தோம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு பகல் செலவு செய்திருந்தால் போதும். படத்துக்கு ஊர், வருஷம், எங்கிருந்து எடுத்தது மூன்றும் தெரியாவிட்டால் அடிக்காதீர்கள். பேனர் காசை விட அந்தப் பெண் மெதுவான குரலில் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எம்டன் சண்டை ஒருவழியாக ஓய்ந்ததும் முன் வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். வயது 91. பேரன் பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘எம்டனை நான் பார்க்கலை, அது எங்கப்பா பார்த்தது. எனக்குத் தெரிஞ்சது நாப்பத்திரெண்டு’ என்று ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஒன்பது வயது, வீடு மண்ணடியில். அப்பா துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர், வேலை இருப்பதால் அவர் இங்கேயே இருக்க, அம்மாவும் குழந்தைகளும் கும்பகோணத்துக்குப் போவது என்று முடிவானது. ‘எங்கம்மா ராத்திரியோட ராத்திரியா அஞ்சு பாத்திரத்தைக் கயித்துல கட்டிக் கிணத்துல இறக்கினாங்க. ரெண்டு அண்டா, ஒரு தவலை, ரெண்டு குடம். நான்தான் அரிக்கேன் விளக்கைப் பிடிச்சேன். விளக்கு மேலயும் கறுப்புத் துணி போட்டிருக்கும், வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதே. திரும்பி வந்து பார்த்தா நாலுதான் மேல வந்தது. ஒரு அண்டா இல்லை. அன்னையிலேர்ந்து பக்கத்து வீட்டு அம்மாவோட எங்கம்மா பேசலை. சாகற வரைக்கும் பேசலை. ஆனா அந்த அண்டா எங்கே போச்சுன்னு எனக்கு…’

அங்கே நான் மணியை அடித்தேன். எம்டன் சண்டைக்கு அடிக்கத் தைரியம் வராத மணி. அடுத்த பேச்சாளர் மேடையருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் ஏற்கனவே 40 நிமிடம் பின்தங்கியிருந்தோம். பெரியவர் ‘சரி சரி’ என்று சிரித்துக்கொண்டே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம் பேசியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் மைக் செட்காரத் தம்பி, ‘மேடம், மிக்ஸர்லேர்ந்து நேரா பென் டிரைவ்ல ரெக்கார்ட் பண்ணித் தரட்டா? 1,500 ஆகும்’ என்று கேட்டான். ஏற்கனவே ஏகப்பட்ட செலவு, வேண்டாம் என்றேன். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் 2,400 கொடுத்த கை அது.

இரண்டாவது உரை 1942. பேசியவர் விஷயம் தெரிந்தவர், ஆனால் அவருடைய ஸ்லைடுகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. எங்கள் லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை. திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று வந்தது. 20 நிமிடம் அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் அவர் வீட்டுக்குப் போன் போட்டு, மகன் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினான். நம்மூரில் கொஞ்சம் வயதான ஆய்வாளர்கள் பலரும் எந்தக் கணினியிலும் சரியாகத் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு இன்னமும் வரவில்லை. மூன்று நாள் முன்னால் எல்லோரிடமும் பிடிஎஃப் வாங்கி வைத்துவிடுங்கள். படம் திரைக்கு வந்ததும் அவர் வேகம் பிடித்தார். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன், ஏப்ரல் 5-ல் கொழும்பு மீது குண்டு, மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று நகரமே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்களை உள்ளே தள்ளி வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சிங்கம் புலிகளையெல்லாம் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த ஸ்லைடு வந்தபோது ஹாலில் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் எழுந்தது. முன் வரிசைப் பெரியவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். 40 நிமிட உரை ஒரு மணி இருபது நிமிடம் ஓடியது. நான் மணியடிக்கவில்லை, நன்றாக இருந்ததே என்று.

மதியம் நடந்ததை நான் திட்டமிட்டதாகச் சொல்லிக்கொண்டால் பொய். ஐந்தாவது பேச்சாளர் வராததால் 45 நிமிடம் காலியாக இருந்தது. அழைப்பிதழில் ஏதோ ஒரு மூலையில் ‘உங்கள் வீட்டில் போர்க்காலப் பொருள் இருந்தால் கொண்டுவாருங்கள்’ என்று போட்டிருந்தோம், ஒரு மேஜையையும் போட்டு வைத்திருந்தோம். அந்த மேஜை நிறைந்துவிட்டது. செம்பை மிச்சப்படுத்த 1943-லிருந்து நடுவில் துளை போட்டு அடித்த ஓட்டைக் காலணாக்கள், அரைஞாண் கயிற்றில் கோர்த்த நிலையிலேயே. மலாயாவில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரு கட்டு. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம், ‘எங்க தாத்தா மூணு வருஷச் சம்பளத்தை இதுல வாங்கினாரோ என்னவோ, பாட்டி அடுப்புப் பத்த வைக்க விடலை’ என்றார் கொண்டுவந்தவர். ராணுவத்திலிருந்து விடுவித்த சான்றிதழ், வான்தாக்குதல் காப்புப் படையில் இருந்தவரின் கைப்பட்டை. ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து யாரும் அப்படி நிற்கவில்லை.

ஆனால் பதிவேடு இல்லை. யார் எதைக் கொண்டுவந்தார் என்று ஒரு துண்டுத்தாள்கூட எழுதவில்லை. ஒரு அம்மா கொண்டுவந்த, அவருடைய தாத்தா 1942-ல் பர்மாவிலிருந்து எல்லையோரத் தமு ஊர் வழியாக இம்பாலுக்கு நடந்து வந்தபோது கொடுத்த அகதிச் சீட்டு மூன்று மணிக்குக் காணோம். அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். அவர் கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு, நான் வெட்கப்பட்டுச் சுருட்டி வைத்த ரங்கூன் பேனருக்குள் கிடைத்தது. மேஜை துடைத்த பையன் காகிதம் என்று எடுத்து அதற்குள் செருகியிருக்கிறான். அசல் ஆவணத்தை மேஜையில் வைக்கவே விடாதீர்கள். வாசலிலேயே போனில் படம் எடுத்து, ஒரு நோட்டில் பெயர் எழுதி, அசலைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேஜையில் நகல் போதும்.

மரண ரயில் உரை முடிந்ததும் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு எங்களில் யாரும் தயாராக இல்லை. அவருடைய தாத்தா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. ‘அங்கே கல்லறையில அவர் பேர் இருக்குமா?’ என்றார். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள், இதெல்லாம் ஸ்லைடில் இருந்தது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் சிப்பாய்களின் பெயரைத் தேடலாம், முதல் உலகப்போரில் செத்த நம்மூர்ச் சிப்பாய் பெயர்கூடக் கிடைக்கும். தாய்லாந்தில் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. அவர்களை விடப் பல மடங்கு அதிகமாகச் செத்த தோட்டத் தொழிலாளிகளுக்குப் பெயர் போட்ட கல் இல்லை. பேச்சாளர் இதைத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். போரைப் பற்றிக் கூட்டம் போட்டால் இப்படி ஒருவராவது வருவார். அவருக்கு எங்கே தேடலாம், எங்கே தேடிப் பயனில்லை என்று சொல்லத் தெரிந்த ஒருவரைத் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மைக்கில் கேட்க வைக்காதீர்கள்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹால், ஏசி, மைக், புரொஜெக்டர், சாப்பாடு, டீ, பேனர், பயணம், பொன்னாடை, உதிரி எல்லாம் சேர்ந்து 81,500. வட்டத்தின் கையிருப்பு 15,000, நன்கொடை 12,500, அன்றைக்கு உண்டியலில் 4,350. மிச்சம் 49,650 என் கணக்கிலிருந்து. வட்டத்தில் மூன்று பேர் பிறகு ஆளுக்குக் கொஞ்சம் தருவதாகச் சொன்னார்கள், நானும் கேட்கவில்லை, அவர்களும் மறுபடி பேசவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தீபாவளிக்குப் புது மிக்ஸி வாங்கும் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இப்போது புரசைவாக்கத்தில் மகனோடு இருக்கிறார். இந்த முறை நல்ல ரெக்கார்டர், கூடுதல் பேட்டரி, எல்லாம் இருந்தது. ‘ஐயா, அன்னைக்கு நீங்க சொல்லிட்டு இருந்தீங்களே’ என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். ‘1942 ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்துல குண்டு போட்டான். மிருகக்காட்சி சாலையில சிங்கத்தை எல்லாம் சுட்டாங்க. அந்தச் சத்தம் எங்க வீட்டு மாடிக்குக் கேட்டுது…’ எனக்குச் சுருக்கென்றது. வார்த்தைக்கு வார்த்தை அந்த இரண்டாவது உரையின் வரிசை. மண்ணடி மாடிக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். முதல் நாள் அவர் அதைச் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். கிணற்றைப் பற்றிக் கேட்டேன். ‘அண்டாவா? அதெல்லாம் சின்ன விஷயம்மா, அதை எதுக்கு எழுதறே’ என்று கையை உதறினார். திரையில் பெரிய எழுத்தில் வந்ததுதான் சரித்திரம், தன்னுடையது குடும்பச் சமாசாரம் என்று அவருக்கு நாங்களே ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, கூட்டத்துக்கு வரப் போகிற வயதானவர்களை ஒரு மாதம் முன்னாலேயே கண்டுபிடியுங்கள், வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள், அப்புறம் உரைகளுக்குக் கூப்பிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். அன்றைக்கு யாரோ எடுத்த 40 விநாடி வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் கிடைத்தது, அது ‘நாலுதான் மேல வந்தது’ என்பதில் ஆரம்பித்து என் மணிச் சத்தத்தில் முடிகிறது.

ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது மருமகளிடம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், அந்தப் பழைய பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று. ‘பரண்ல ஒரு தவலை கிடக்கு, மாமா போடக் கூடாதுன்னு சொல்லிட்டார்’ என்று ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். பச்சை படிந்த பித்தளை, ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. முந்தானையால் துடைத்து மாமனார் மடியில் வைத்தார். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்தைப் பெரியவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், ‘இந்த ஒடுக்கு இருக்கே, இது கிணத்துல விழுந்தது இல்லை. பக்கத்து வீட்டு அம்மா இதை…’ என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து, ரெக்கார்டரைப் போட்டேன்.